காற்றை அளந்த சாரணன்

சாரணர் பாசறை என்றால் நமக்குப் பெரிய கவலை மழைதான். கூடாரத்தைச் சுற்றிக் கான் வெட்டியாயிற்றா, விறகு நனையாமல் இருக்கிறதா, அட்டை கடிக்கு உப்பு எடுத்தோமா என்று பார்ப்போம். நாம் அறிந்த ஆகப் பெரிய குளிர் நுவரெலியாவின் விடியற்காலைத் துகள் பனி.

ஐக்கிய அமெரிக்காவின் வடக்கே, கனடா எல்லையோரமாக மினசோட்டா மாநிலம் இருக்கிறது. அங்கே ஈலி என்ற சிற்றூருக்கு அருகில் சாரணர்களுக்கு வேறு விதமான பாசறை ஒன்று நடக்கிறது. மாரியில் ஏரிகள் எல்லாம் உறைந்து கிடக்கும்போதுதான் பிள்ளைகள் போவார்கள். பனியைக் குவித்து, உள்ளே குடைந்து, அதற்குள் உறங்குவார்கள். ஏரியின் மேல் நடந்து சென்று ஐஸில் துளை போட்டுத் தூண்டில் இறக்குவார்கள். அந்தப் பாசறைக்கு 'ஓக்பிக்' என்று பெயர். அலாஸ்காவின் இனுபியாக் மக்களுடைய மொழியில் பனி ஆந்தை என்று பொருள்.

உறைந்த ஏரியில் மீன் எப்படி உயிரோடிருக்கும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நன்னீர் 4 பாகை செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அந்த நீர் அடியில் தங்கும், அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறையும். ஐஸ் மிதப்பதால் ஏரிக்கு அது ஒரு கூரையாகிவிடுகிறது. அதன் கீழே மீன் நீந்துகிறது.

ஆனால் அந்தக் கூரையின் மேல் பிறர் வீட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போக யாருக்குத் துணிவு வரும்? அதற்குப் பொறுப்பானவர்கள் துணிவை நம்புவதில்லை, எண்களை நம்புகிறார்கள். முதலாவது எண் ஐஸின் தடிப்பு. தெளிந்த புது ஐஸ் ஆகக் குறைந்தது 4 அங்குலம் இருந்தால்தான் மனிதர் நடக்கலாம் என்பது அந்த மாநில இயற்கை வளத் திணைக்களத்தின் அறிவுரை. பனி கலந்த வெள்ளை ஐஸுக்குப் பாதி வலிமைதான். ஆகவே போகும் வழியெல்லாம் துளையிட்டு அளந்துகொண்டே போகவேண்டும்.

இரண்டாவது எண், காற்றோடு சேர்ந்த குளிர். அந்த எண்ணை உலகத்துக்குத் தந்தவரே ஒரு சாரணர். அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

1921இல் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் 'குவெஸ்ட்' என்ற கப்பலில் தென்துருவப் பக்கம் புறப்பட்டபோது, சாரணர்களையும் அழைத்துச் செல்வதாக அறிவித்தார். ஏறத்தாழ 1,700 பேர் விண்ணப்பித்தார்கள். தெரிவானவர்கள் இருவர். அபர்டீன் நகரின் ஜேம்ஸ் மார், ஓர்க்னித் தீவுகளின் நோர்மன் மூனி. மூனிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. ஓயாத கடல் நோயினால் மடெய்ராத் தீவிலிருந்தே வீடு திரும்பினார். மார் தொடர்ந்து சென்றார். 1922 ஜனவரி 5ஆம் திகதி, தென் ஜோர்ஜியாத் தீவில் மாரடைப்பினால் ஷாக்கிள்டன் காலமானார். அந்தப் பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞர் அதற்குப் பிறகும் பயணத்தை முடித்துத் திரும்பினார். பின்னாளில் அந்தாட்டிக்கக் கடலின் கிரில் என்னும் சிற்றிறால் வகையை ஆராயும் கடலியல் அறிஞரானார்.

அடுத்தது 1928. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்ட் பேர்ட் அந்தாட்டிக்காவுக்குப் புறப்பட்டார். நாடு தழுவிய தெரிவில் பென்சில்வேனியாவின் ஈரி நகரைச் சேர்ந்த 19 வயது போல் சைப்பிள் வெற்றி பெற்றார். நமது ஜனாதிபதி சாரணர் விருதைப் போல அங்கே உச்சத் தகைமை 'ஈகிள் ஸ்கவுட்'. சைப்பிள் அதைப் பெற்றிருந்தார். சாரணர் ஒருவர் போகிறார் என்றால் பத்திரிகைகளுக்கு நல்ல செய்தி. ஆனால் அவர் காட்சிப் பொருளாக நின்றுவிடவில்லை. சீல்களையும் பென்குயின்களையும் அரும்பொருளகத்துக்காகப் பதப்படுத்தினார், நாய் வண்டி ஓட்டினார். 1933இல் பேர்ட் இரண்டாம் முறை போனபோது சைப்பிள்தான் தலைமை உயிரியலாளர்.

அந்த இரண்டாம் பயணத்தில் ஒரு பாடம் இருக்கிறது. 1934 மாரியில் பேர்ட் தலைமை முகாமிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தள்ளி, பனிக்குள் புதைத்த சிறு குடிலில் தன்னந்தனியாக வானிலை பதிந்தார். அடுப்பின் புகையும் மின்பிறப்பாக்கியின் புகையும் சரியாக வெளியேறவில்லை. நிறமும் மணமும் இல்லாத காபன் மொனொக்சைட்டு வாயு அவரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. தன்னைக் காப்பாற்ற இருளில் வந்து பிறர் உயிரை இழக்கக்கூடாது என்று நோயை மறைத்தார். அவருடைய வானொலிச் செய்திகள் தடுமாறுவதைக் கண்டு முகாமில் இருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஓகஸ்ட் மாதம் மூவர் போய்ச் சேர்ந்தார்கள். குளிரை வென்ற தளபதியை ஓர் அடுப்புக் குழாய் வீழ்த்தியது. மூடிய குடிலுக்குள் அடுப்பெரித்து மீன்பிடிக்கும் எவருக்கும் காற்றோட்டத்தையும், தனியே போகாதே என்பதையும் இன்றும் முதலில் சொல்வது இதனால்தான்.

1939 முதல் 1941 வரையான பயணத்தில் சைப்பிள் ஒரு முகாமின் தலைவர். அங்கே நிலவியலாளர் சார்ள்ஸ் பாசலுடன் சேர்ந்து ஒரு பரிசோதனை செய்தார். கேட்டால் நமது ஆய்வுகூடத்திலேயே செய்யலாம் போலிருக்கும். பிளாஸ்டிக் உருளை ஒன்றில் 250 கிராம் நீரை ஊற்றி, கம்பத்தில் தொங்கவிட்டார்கள். வெப்பநிலை என்ன, காற்றின் வேகம் என்ன, நீர் உறைய எவ்வளவு நேரம் என்று மீண்டும் மீண்டும் குறித்தார்கள். காற்று கூடக்கூட நீர் வேகமாகச் சூட்டை இழந்தது. 1945இல் முடிவுகள் வெளிவந்தன. காற்றுக் குளிர் என்ற அளவு இப்படித்தான் பிறந்தது.

அதன் பொருளைத் தவறாக விளங்கக்கூடாது. காற்று வெப்பமானியை இறக்காது, உடலின் சூட்டைப் பறிக்கும் வேகத்தைத்தான் கூட்டும். வெப்பநிலை கழித்தல் 20 பாகை, காற்று மணிக்கு 30 கிலோமீற்றர் என்றால், முகத்துக்கு அது கழித்தல் 33 போல. அந்த நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். பாசறைத் தலைவர் அட்டவணையைப் பார்த்து, இன்று ஏரிக்குப் போவதில்லை என்று சொல்லலாம். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். விரல்கள் பத்தும் வீட்டுக்குத் திரும்பும்.

சைப்பிளின் கணக்கும் இறுதியானதல்ல. நீர் உருளை மனித முகமல்ல. அதனால் ஆய்வாளர்கள் குளிர்க் காற்று வீசும் கூடத்தில் தொண்டர்களை நடக்கவைத்து அளந்தார்கள். 2001இல் அமெரிக்காவும் கனடாவும் புதிய சூத்திரத்துக்கு மாறின. பழைய கணக்கு குளிரைச் சற்று மிகைப்படுத்தியிருந்தது. திருத்திக்கொண்டார்கள். அளந்து வைத்த ஒன்றைத்தான் திருத்தவும் முடியும்.

1957இல் தென்துருவ நிலையத்தில் முதன்முதலாக மாரியைக் கழித்த 18 பேருக்கு விஞ்ஞானத் தலைவராக இருந்தவரும் சைப்பிள்தான். அந்த வருடம் செப்டெம்பரில் அங்கே கழித்தல் 74.5 பாகை பதிவானது. பதினெட்டுப் பேரும் உயிரோடு அந்த மாரியைக் கடந்தார்கள்.

ஆயத்தமாக இரு என்பது சாரணரின் மகுட வாசகம். 1912இல் மாத்தளையில் தொடங்கிய நமது சாரணியமும் அதையே சொல்கிறது. ஆனால் ஆயத்தம் என்பதைச் சீருடை, கழுத்துப்பட்டி, பொதி என்று மட்டும் நாம் நினைத்துவிடுகிறோம். சைப்பிளுக்கு அது அளவு. மூனிக்கு அது, முடியாத இடத்தில் திரும்பி வருவது.

நமக்கு உறைந்த ஏரி இல்லை. ஆறும் குளமும் கடலும் இருக்கின்றன. விடுமுறைச் சுற்றுலாவில் மூழ்கிய பிள்ளைகளின் செய்தியை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். அடுத்த தவணை விடுமுறைக்குப் பாசறைத் திட்டம் எழுதும் ஆசிரியர்களே, அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வைக்கும் பெற்றோரே, ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்வோம். குளிக்கும் இடத்தின் ஆழம் எத்தனை அடி? மேலே மலையில் நேற்று மழை பெய்ததா? எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள், அவர்களில் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? எந்த நிலை வந்தால் திட்டத்தை நிறுத்துவோம், நிறுத்தச் சொல்பவர் யார்?

விடை தெரியாத கேள்வி ஒன்று அந்தத் தாளில் இருக்கும்வரை பஸ்ஸுக்கு முற்பணம் கட்ட வேண்டாம்.