துணிவுக்கு ஒரு பள்ளி

1955 டிசம்பர் 1ஆம் நாள் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரப் பேருந்தில், வெள்ளையர் ஒருவருக்காகத் தம் இருக்கையை விட்டெழ ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி மறுத்தார். வேலைக் களைப்பால் எழ மறுத்த தையற்காரப் பெண் என்றே பலரும் அவரை அறிவர். இச்சித்திரம் முழுமையானதன்று. 1943இலேயே உரிமை இயக்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளராகப் பொறுப்பேற்றவர் அவர். கைதாவதற்குச் சில மாதங்களுக்கு முன், டென்னசி மலைப்பகுதியிலிருந்த ஹைலாண்டர் பள்ளியின் பயிற்சி முகாமிலும் கலந்துகொண்டிருந்தார்.

பெரும் பொருளாதார வீழ்ச்சி நிலவிய 1932இல் மைல்ஸ் ஹார்ட்டனும் டான் வெஸ்ட்டும் இப்பள்ளியை நிறுவினர். டென்மார்க்கின் மக்கள் பள்ளிகளை நேரில் கண்டு வந்தவர் ஹார்ட்டன். தொடக்க ஆண்டுகளில் தொழிற்சங்க ஊழியர்களே இங்குப் பெரிதும் பயின்றனர். தேர்வும் பட்டமும் இங்கில்லை. தொழிலாளர்கள் வட்டமாக அமர்ந்து தம் ஊர்ச் சிக்கலை எடுத்துரைப்பர். ஒருவர் பட்டறிவு மற்றவருக்குப் பாடமாகும். தீர்வை அவர்களே கண்டு ஊர் திரும்புவர். இனப் பிரிவினை சட்டமாயிருந்த மண்ணில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் உணவருந்தியதே தனிப்பெரும் பாடமாயிற்று.

தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில், வாக்காளராகப் பதிவு செய்ய விரும்பிய கறுப்பின மக்களுக்கு எழுத்தறிவு நிபந்தனை தடையாக நின்றது. ஏசா ஜென்கின்ஸ் என்பவர் தாம் ஓட்டிய பேருந்திலேயே பயணிகளுக்கு அரசமைப்புச் சட்டப் பகுதிகளைக் கற்பித்து வந்தார். அவருக்குத் துணைநின்றது ஹைலாண்டர். உரிமை இயக்க உறுப்பினராயிருந்ததால் ஆசிரியப் பணியை இழந்த செப்டிமா கிளார்க் அப்பொறுப்பை ஏற்றார். 1957 ஜனவரியில் தீவில் முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கிற்று. அதன் ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன், சிகை ஒப்பனைத் தொழில் செய்தவர். பயின்ற ஆசிரியர் முதியோரைச் சிறுவராக நடத்திவிடுவர் என்றஞ்சியே அவரைத் தெரிவு செய்தனர். கற்க விரும்புவது யாதென மாணவர்களிடமே கேட்டறிந்து அவர் பாடத்தை வகுத்தார். தம் பெயரை எழுதுவதும் பண அஞ்சல் படிவத்தை நிரப்புவதும் அவற்றுள் அடங்கும்.

1961இல் மாநில அரசு ஹைலாண்டரின் உரிமத்தைப் பறித்து, நிலத்தையும் கட்டடங்களையும் கைப்பற்றியது. ஆயினும் குடியுரிமைப் பள்ளித் திட்டம் அதற்குள் மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டு, தென் மாநிலங்களெங்கும் பரவலாயிற்று. பள்ளியும் புதுப்பெயருடன் மீண்டெழுந்து இன்றுவரை இயங்கி வருகிறது.

1955 முகாமின் நிறைவில், ஊர் திரும்பி யாது செய்வீர்கள் என்ற வினா எழுந்தது. மான்ட்கோமரியில் மக்கள் ஒன்றுபடுவர் என்னும் நம்பிக்கை பார்க்ஸுக்கு அப்போது இல்லை. இளைஞரிடையே பணியாற்றுவதாக மட்டுமே உறுதியளித்தார். அதே நகரத்து மக்கள்தாம் 381 நாட்கள் பேருந்துகளைப் புறக்கணித்து நடந்தனர். பயிற்சியின் விளைச்சல் எந்நாளில் கைகூடும் என்பதைப் பயின்றவரும் அறிவதில்லை, பயிற்றியவரும் அறிவதில்லை. அறியாத நிலையிலும் விதைத்தவர்களாலேயே அந்நாள் வாய்த்தது.