காடு என்னும் கல்விக்கூடம்

நிலத்தைப் பறிப்போர் அந்நிலத்தைப் பற்றிய அறிவையும் அழிக்க முற்படுவர் என்பது குடியேற்றவாத வரலாறு முழுவதிலும் நாம் காணும் உண்மையாகும். கனடாவில் ஜேம்ஸ் விரிகுடாவின் கிழக்கே வாழும் கிறீ மக்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கிறீப் பிள்ளைகளுக்குக் காடே கல்விக்கூடமாகவும் முதியோரே ஆசிரியராகவும் விளங்கினர். முதியோரோடு கூடி உழைப்பதன் வாயிலாகவே பொறி வைத்தல், தோல் பதனிடல், பனியிற் புதையாது நடப்பதற்கான வலைச் சப்பாத்துப் பின்னுதல் ஆகியவற்றைப் பிள்ளைகள் கற்றனர். தொழிலோடு நெறியும் புகட்டப்பட்டது. பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் மனைகளைக் கணக்கிட்ட பின்னரே பொறி வைத்தல் வேண்டும்; வேட்டையாடிய பகுதியைச் சில ஆண்டுகள் ஓயவிடுதல் வேண்டும்; கிடைத்த இறைச்சியைப் பகிர்ந்துண்ணல் வேண்டும்; விலங்கின் எலும்பை நாய்க்கு எறியாது மரத்திற் கட்டி மதித்தல் வேண்டும். இவற்றை மூடநம்பிக்கை என ஒதுக்குவோர், நாளைய உணவை இன்றே அழித்தலாகாது என்னும் பொருளியல் அறிவு இவற்றுட் பொதிந்திருப்பதைக் காணத் தவறுகின்றனர்.

1670இல் ஆங்கிலேய மன்னன் ஹட்சன் விரிகுடாக் கொம்பனிக்கு வணிகத் தனியுரிமை வழங்கினான். பீவரின் தோல் ஐரோப்பியச் சந்தையின் பண்டமாக விளங்கிற்று. 1920களில் தோல் விலை உயர, வெளியார் திரள்திரளாகப் புகுந்து அவ்விலங்கைச் சூறையாடினர். 1930களிற் காப்புப் பகுதிகள் அமைக்கப்பட்டபோது, பீவர் மனைகளை எண்ணிக் காக்கும் பணி கிறீ வேட்டைத் தலைவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. முதியோரின் அறிவின்றி அரசினால் அங்கு எதனையும் காக்க இயலவில்லை.

ஆயினும் அவ்வறிவு அடுத்த தலைமுறையைச் சேரும் வழியை அதே அரசு அடைத்தது. 1920இன் சட்டத்திருத்தம் 7 முதல் 15 வயது வரையான பழங்குடிப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பாடசாலைக்கு அனுப்பும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. விடுதிப் பாடசாலைகளிலே தாய்மொழி பேசியோர் தண்டிக்கப்பட்டனர். கனடா முழுவதும் சுமார் 150,000 பிள்ளைகள் இவ்வாறு பிரிக்கப்பட்டனர். 2015இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு இதனைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே தீர்ப்பிட்டது.

1971இல் கியூபெக் அரசு, ஜேம்ஸ் விரிகுடாவிற் கலக்கும் ஆறுகளை மறித்து மின் உற்பத்தி செய்யும் திட்டத்தைக் கிறீ மக்களைக் கலந்தாலோசியாமலே அறிவித்தது. வழக்குத் தொடுக்கப்பட்டது. முதிய வேட்டைக்காரர்கள் மொன்றியல் நீதிமன்றத்திலே தம் தாய்மொழியிற் சாட்சியம் அளித்தனர். ஆறுகளையும் விலங்குகளையும் பற்றி அவர்கள் கூறிய செய்திகள், அந்நிலம் வெறுநிலம் அன்று என்பதற்குச் சான்றாயின. 1973 நவம்பரில் நீதிபதி அல்பேட் மலூஃப் வேலைகளை நிறுத்துமாறு ஆணையிட்டார்.

ஒரே வாரத்தில் மேல்நீதிமன்றம் அவ்வாணையை இடைநிறுத்தியது. 1975இன் உடன்படிக்கையில், பரந்த நிலத்தின் மீதான உரிமைக்கோரிக்கைகளைக் கிறீ மக்கள் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. வேட்டைநிலங்கள் பல நீரில் மூழ்கின. நீர்த்தேக்க மீன்களில் இரசம் சேர்ந்தது. எனினும், வேட்டையாடி வாழ்வோர்க்கு வருமான உதவியும், தம் பாடசாலைகளைத் தாமே நிர்வகிக்கும் உரிமையும் போராட்டத்தின் பேறுகளாகக் கிட்டின.

இன்று அப்பாடசாலைகள், இளவேனிலிற் காட்டுவாத்துகள் திரும்பும் பருவத்தில் மூடப்படுகின்றன. பிள்ளைகள் பாட்டன் பாட்டியருடன் வேட்டைக் கூடாரங்களுக்குச் செல்கின்றனர். அதனை வெறும் விடுமுறை எனக் கொள்ளுதல் பொருந்தாது. பறிக்கப்பட்ட ஆசிரியர்களிடம் மாணவர் மீளும் காலம் அது. உழைக்கும் முதியோரின் அறிவைப் பாடத்திட்டத்துக்கு வெளியே நிறுத்தும் கல்வி எவருக்குப் பணிபுரிகின்றது என்னும் வினாவை, ஆசிரியரும் மாணவருமாகிய நாம் எழுப்பியே ஆகவேண்டும்.