கிளிஞ்சல் சுண்ணாம்பும் டிராக்டர் ஆயிலும்

போன மாசம் கிளிஞ்சல்மேட்டுல ஒரு கல்யாணம். பந்தி முடிஞ்சு வெளிய வந்ததும் மாமா பிடிச்சுக்கிட்டார். ஊருக்கு மேற்கே வயல் வச்சிருக்கிறவர். கடன் போட்டு 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒண்ணு எடுத்திருக்கார். 50 மணி நேரம் ஓடியாச்சு, முதல் தடவை ஆயில் மாத்தணும்.

"மாப்ளே, நீ பழசையெல்லாம் தோண்டி எழுதுறவன்தானே, இதுக்கு ஒரு பதில் சொல்லு. கடையில 40 நம்பர் போடுங்க, நல்லா திக்கா இருக்கும்கிறான். வண்டியோட குடுத்த புத்தகத்துல 15டபிள்யூ-40, சிஐ-4ன்னு என்னமோ இருக்கு. எங்கப்பா பழைய வண்டிக்கு 40 நம்பர்தான் ஊத்துனாரு. கெட்டா போச்சு?"

கெட்டுப்போகலதான். ஆனா ஏன் கெட்டுப்போகலன்னு யோசிச்சா கதை எங்கெங்கேயோ போகுது. அங்கேயே நின்னு சொல்லி முடிக்க முடியல, அதனால இந்தக் குறிப்பு.

நம்ம ஊர்ல மசகுங்கிற விஷயம் புதுசு இல்ல. மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோலை எரிச்ச கரியை விளக்கெண்ணெயில் குழைச்சு மை போடுவாங்க. அந்த விளக்கெண்ணெய்தான் இங்கிலாந்துல 1909-இல் மோட்டார் ஆயிலுக்குள்ள போச்சு. காஸ்ட்ரால்ங்கிற பெயரே ஆமணக்கு எண்ணெயோட ஆங்கிலப் பெயர்லேர்ந்து வந்ததுதான். வண்டி அச்சா இருந்தாலும் கார் இன்ஜினா இருந்தாலும் அன்னைக்கு ஆயிலோட வேலை ஒண்ணுதான்: இரண்டு இரும்புக்கு நடுவுல வழுக்கணும். கெட்டியா இருந்தா நல்லதுங்கிற எண்ணம் அந்தக் காலத்துச் சொத்து. 1911-இல் அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ ஆயிலைத் தரம் பிரிக்க ஆரம்பிச்சப்பவும் கெட்டித்தன்மையைத்தான் அளந்தாங்க. மாமா சொல்ற "40 நம்பர்" அந்த வழியில வந்தது. அது ஆயில் எவ்வளவு கெட்டின்னு சொல்லும், எவ்வளவு நல்லதுன்னு சொல்லாது.

இந்தக் கணக்கைக் குழப்பிவிட்டது ஒரு டீசல் டிராக்டர்தான். 1931-இல் அமெரிக்காவோட கேட்டர்பில்லர் கம்பெனி டீசல்ல ஓடுற சங்கிலிச் சக்கர டிராக்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எரிபொருள் செலவு குறைஞ்சதுல விவசாயிகளுக்குச் சந்தோஷம். கொஞ்ச நாள்ல வேற தொல்லை கிளம்புச்சு. பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங்குகள் கரியும் பிசினும் படிஞ்சு காடியிலேயே ஒட்டிக்கிச்சு. ரிங் ஒட்டினா புகை கீழே இறங்கும், ஆயில் மேலே ஏறும், இன்ஜின் இழுக்காது. பெட்ரோல் காருக்கு ஒழுங்கா உழைச்ச ஆயிலெல்லாம் இங்க தோத்துப்போச்சு. வழுக்குறது குறைஞ்சதால வந்த சிக்கல் இல்ல இது, அழுக்கால வந்த சிக்கல்.

கலிபோர்னியா ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனிக்காரங்க ஆயிலுக்குள்ள ஒருவகை உலோகச் சோப்பைக் கலந்து பார்த்தாங்க. துணிக்குப் போடுற சோப்பு செய்யுற வேலையேதான்: அழுக்கைப் படிய விடாம ஆயிலோடயே மிதக்க வைக்கும். 1935-இல் வந்த அந்த ஆயிலுக்கு டெலோன்னு பெயர். 'டீசல் இன்ஜின் லூப்ரிகேட்டிங் ஆயில்'ங்கிறதோட முதல் எழுத்துகள். கேட்டர்பில்லர் அதோட நிற்கல. ஒரே ஒரு சிலிண்டர் உள்ள சோதனை இன்ஜின்ல ஆயிலை ஓட்டி, பிஸ்டனைக் கழட்டி, கரி எவ்வளவுன்னு பார்த்துத்தான் ஆயிலை ஏத்துக்கிட்டாங்க. அந்த வழக்கம் இன்னும் போகல. ஏபிஐ, அதாவது அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம், டின் மேல சிஐ-4ன்னு போட அனுமதிக்கணும்னா அந்த ஆயில் பாஸ் பண்ண வேண்டிய சோதனைகள்ல கேட்டர்பில்லரோட ஒத்தை சிலிண்டர் சோதனையும் உண்டு. மாமா வீட்டுப் புத்தகத்துல இருக்கிற அந்த 'சி' எழுத்துக்குப் பின்னாடி நிக்கிறது ஒரு பழைய டிராக்டர்.

கிளிஞ்சல் எங்க வந்துச்சுன்னு கேட்பீங்க. டீசல்ல கந்தகம் இருக்கு. அது எரிஞ்சு, எரியும்போது உண்டாகிற நீராவியோட சேர்ந்தா கந்தக அமிலம். அது ரிங்கையும் லைனரையும் பேரிங்கையும் அரிக்கும். அமிலத்தை முறிக்க நமக்குத் தெரிஞ்ச பொருள் என்ன? சுண்ணாம்பு. ஆயில்காரங்களும் அதையேதான் பிடிச்சாங்க. சுண்ணாம்பை எண்ணெயில் கரையுற ஒரு சோப்புக்குள்ள வச்சு, கரியமில வாயுவைச் செலுத்தினா கால்சியம் கார்பனேட் துகள்கள் உண்டாகும். ஒரு மில்லிமீட்டரை லட்சமாப் பிரிச்சா ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அந்த அளவு. கண்ணுக்குத் தெரியாது, அடியிலயும் தங்காது. கடற்கரையில கிடக்குற கிளிஞ்சலும் இதே கால்சியம் கார்பனேட்தான். அமிலம் வந்து முட்டும்போது இந்தத் துகள் அதைத் தின்னு கால்சியம் சல்ஃபேட்டா மாறிடும். களர் நிலத்துக்கு நாம போடுற ஜிப்சத்துல இருக்கிற அதே உப்பு. ஆயில் ஆவணங்கள்ல டிபிஎன்னு ஒரு எண் இருக்கும், சிஐ-4 ஆயில்கள்ல பெரும்பாலும் 10-க்குப் பக்கத்துல. இந்தச் சுண்ணாம்புச் சக்தி எவ்வளவு கையிருப்புங்கிற கணக்குதான் அது.

இப்ப மாமாவோட அப்பா காலத்துக்கு வருவோம். 1990களின் நடுவு வரைக்கும் இந்திய டீசல்ல எடையில 1 சதவீதம் வரைக்கும் கந்தகம் இருக்கலாம்னு அனுமதி. 100 லிட்டர் டீசல் ஏறத்தாழ 83 கிலோ. அதுல கந்தகம் மட்டும் 830 கிராம் வரைக்கும் இருந்திருக்கலாம்! தாத்தா அடிக்கடி ஆயிலை மாத்திக்கிட்டே இருந்தார்னு மாமா சொல்றார். காசை விரயம் பண்ணல அவர். சுண்ணாம்பு தீர்றதுக்குள்ள மாத்தினதாலதான் அந்த வண்டி தப்பிச்சுது. 2020 ஏப்ரல் 1-லேர்ந்து நாடு முழுக்க பிஎஸ்-6 டீசல். கந்தகம் 10 பிபிஎம், அதாவது அதே 100 லிட்டர்ல ஒரு கிராம் கூட இல்ல. புது வண்டிப் புத்தகத்துல முதல் சர்வீஸுக்கு அப்புறம் 250 மணி நேரம்னு தைரியமாப் போட்டிருக்கிறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

சுவாரசியம் என்னன்னா, கந்தகம் போனதும் சுண்ணாம்பே தொல்லையா மாறிடுச்சு. சுண்ணாம்பு எரிஞ்சா சாம்பல். புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி வச்ச இன்ஜின்ல அந்தச் சாம்பல் போய் அடைக்கும். அதனாலதான் 2006-இல் வந்த சிஜே-4 ஆயில்ல சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு வரம்பு வச்சாங்க. 2016 கடைசியில வந்த சிகே-4-உம் அதே வழிதான். நம்ம நாட்டுல 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலேர்ந்து டிரெம்-4 விதி. அந்தப் பெரிய வண்டிகள்ல வடிகட்டி இருந்தா, "சிஐ-4 போதும்பா"ன்னு யாராவது சொன்னாலும் கேட்கக் கூடாது. புத்தகத்துல உள்ளதுதான். மாமாவோடது 45, வடிகட்டி கிடையாது. அவருக்கு சிஐ-4 சரியான இடம்.

15டபிள்யூ-ங்கிறது குளிர்ல ஆயில் எப்படி ஓடும்ங்கிற கணக்கு. காரைக்கால்ல பனியா கொட்டுது? சூடானப்புறம் 15டபிள்யூ-40-உம் வெறும் 40-உம் ஒரே வகுப்புதான். ஆனா விடியக்காலம் ஸ்டார்ட் பண்ணின முதல் நிமிஷம் இளகின ஆயில் மேல சீக்கிரம் ஏறும், அவ்வளவு லாபம் உண்டு. என்னைக் கேட்டா எண்ணைவிட எழுத்தைத்தான் முதல்ல பார்க்கணும். மலிவா கிடைக்குதேன்னு பழைய எழுத்து போட்ட டின்னை வாங்கி, கேஜ் வீல் மாட்டி நாள் முழுக்க சேத்துல உழவு ஓட்டினா, அந்த பாரத்துக்கும் சூட்டுக்கும் அது தாங்காது. எழுத்தே இல்லாத லூஸ் ஆயிலைப் பத்திப் பேசவே வேண்டாம். பில் வாங்கி வச்சுக்கிட்டா வாரண்டிக்கும் ஆகும்.

இன்னொண்ணு, கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் இதை ஊத்தக் கூடாது. ஆயில்ல முங்கின பிரேக் உள்ள வண்டிக்கு அதுக்குன்னே தனி ஆயில். மாமா வண்டியில ஏர் கிளீனர் ஆயில் பாத் வகை. கோடை உழவுப் புழுதியில அந்தக் கிண்ணத்தைக் கழுவாம விட்டுட்டு, விலை உயர்ந்த இன்ஜின் ஆயில் வாங்குறதுல அர்த்தம் இல்ல.

மாமா சிஐ-4 வாங்கிட்டார், ஃபில்டரையும் சேர்த்து மாத்தினார். வீட்டுல கிடந்த 40 நம்பர் டின் கதவுக் கீலுக்குப் போயிருக்கு. நேத்து ராத்திரி போன்.

"ஏமாத்திட்டான் மாப்ளே. அதுக்குள்ள கன்னங்கரேல்னு ஆயிடுச்சு."

"எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு மாமா?"

"முப்பது இருக்கும்."

"ஆயில் கறுக்கலன்னாதான் நீங்க பயப்படணும். கரி பிஸ்டன்ல படியாம ஆயிலுக்கு வந்திருக்கு. விடுங்க, ஓட்டுங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அப்ப எங்கப்பா கறுத்துப் போச்சுன்னு கொட்டுனதெல்லாம்?" அப்படின்னார்.