மாமல்லபுரம் கடலடி ஆய்வுகள்

செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்கு எதிரே கடலுக்குள் கிடக்கும் கற்கட்டுமானங்களை ஸ்கூபா கருவிகளுடன் முக்குளித்துத் தேடிய பணிகள் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன.

ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை 'ஏழு கோயில்கள்' என்று அழைத்தனர். 1772இலும் 1776இலும் இங்கு வந்த வில்லியம் சேம்பர்ஸ், தாம் கேட்ட கதைகளை 1788இல் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் வெளியிட்டார். இந்திரலோகம் சென்று திரும்பிய அரசன் ஒருவன் தன் நகரையும் அதைப் போலவே அழகுபடுத்த, பொறாமை கொண்ட தேவர்கள் கடலை ஏவி அதை மூழ்கடித்தார்களாம். செம்பு வேய்ந்த கோபுர உச்சிகள் விடியல் வெயிலில் கடலுக்குள் மின்னியதை முன்னாளில் கண்டதாக ஊர் முதியவர்கள் கூறியதையும் அவர் எழுதியுள்ளார். இக்கதையே இங்கிலாந்துக் கவிஞர் ராபர்ட் சதேயின் 'கெஹாமாவின் சாபம்' (1810) என்னும் நெடுங்கவிதையில் இடம்பெற்றது. இன்று கரையில் நிற்கும் கடற்கரைக் கோயில் பல்லவ மன்னன் இராசசிம்மன் (8ஆம் நூற்றாண்டின் தொடக்கம்) எடுப்பித்தது. 'ஏழு கோயில்கள்' என்ற பெயர் குறிக்கும் மற்ற ஆறும் எங்கே என்ற கேள்விதான் பிற்காலத்தில் ஆய்வாளர்களைக் கடலுக்குள் இறக்கியது.

2002 ஏப்ரலில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் பிரித்தானியாவின் 'சயின்டிஃபிக் எக்ஸ்ப்ளரேஷன் சொசைட்டி'யும் கூட்டாக முக்குளித்தன. கரையிலிருந்து ஏறத்தாழ 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சுவர்களும் சதுரக் கற்களும் படிகளுடன் கூடிய மேடையும் காணப்பட்டன. கலங்கல் நீரும் கற்களின்மேல் அப்பியிருந்த சிப்பிகளும் வேலையைக் கடினமாக்கின. உடன் முக்குளித்த எழுத்தாளர் கிரஹாம் ஹான்காக், இவை பல்லாயிரம் ஆண்டுப் பழமையானவை என்றார். கற்பனை வளம் மிக்க இக்கருத்து பொருந்தாது. இக்கரையில் ஆண்டுக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல் அரிப்பு நிகழ்வதாகக் கணக்கிட்டால், 1500 ஆண்டுகளுக்கு முன் கரை ஏறத்தாழ 800 மீட்டர் கடற்பக்கம் இருந்திருக்கும். எனவே இவை பல்லவர் காலத்தவையாக இருக்கலாம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கடல் உள்வாங்க, கரையிலிருந்தோர் நீண்ட கல்வரிசையைக் கண்டனர். அலைகள் மணலை அகற்றியதால் விலங்குருவச் சிற்பங்களும் வெளிப்பட்டன. 2005இல் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையும் கடற்படையும் கடலடியில் தேடின. அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் செங்கல்லாலான பழைய முருகன் கோயில் அகழ்ந்தெடுக்கப்பட்டதும் அவ்வாண்டில்தான்.