இரு மண்டையோடுகளின் வரலாறு

மனிதன் எங்கிருந்து வந்தான் என்னும் வினா மிகப் பழைய வினா. சமயங்களும் புராணங்களும் அதற்குப் பல விடைகள் கூறின. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே விஞ்ஞானமும் தன் விடையைக் கூறத் தொடங்கியது. 1871 ஆம் ஆண்டில் மனிதனின் தோற்றம் பற்றி நூல் எழுதிய சாள்ஸ் டார்வின், மனிதனுக்கு நெருங்கிய உறவுடைய கொரில்லாவும் சிம்பன்சியும் ஆபிரிக்காவில் வாழ்வதால், மனிதனின் ஆதி மூதாதையரும் அக்கண்டத்திலேயே வாழ்ந்திருத்தல் கூடும் எனக் கருதினார். ஆயினும், அக்கருத்தை நிலைநாட்டத்தக்க உயிர்ச்சுவடு எதுவும் அன்று ஆபிரிக்காவிலிருந்து கிடைத்திருக்கவில்லை.

சான்று இல்லாத இடத்தில் விருப்பம் குடிபுகுவது இயல்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இங்கிலாந்தின் அறிஞர் பலர் இரண்டு கருத்துகளைப் பற்றியிருந்தனர். முதலில் மூளையே பெருத்தது, மற்றைய மாற்றங்கள் பின்னரே வந்தன என்பது ஒன்று. மனித குலத்தின் தொட்டில் ஆசியாவிலோ ஐரோப்பாவிலோதான் இருந்திருக்கும் என்பது மற்றொன்று.

இவ்விரு கருத்துகளுக்கும் இசைவாக ஒரு மண்டையோடு வந்து சேர்ந்தது. 1912 டிசெம்பர் 18 ஆம் திகதி, இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் கூட்டத்திலே, சாள்ஸ் டோசன் என்னும் சட்டத்தரணியும், பிரித்தானிய நூதனசாலையின் புவிச்சரிதவியற் பகுதித் தலைவர் ஆதர் ஸ்மித் வூட்வேட்டும் அதனை அறிமுகஞ் செய்தனர். சசெக்ஸ் பகுதியிலுள்ள பில்ட்டவுன் என்னும் சிற்றூரின் சரளைக் குழியிலிருந்து அது எடுக்கப்பட்டதாகக் கூறப்பட்டது. மண்டை மனிதனுடையது போன்றது. தாடை குரங்கினுடையது போன்றது. தாடையும் மண்டையும் பொருந்துமா என்று காட்டவல்ல மூட்டு முனை மட்டும் உடைந்து போயிருந்தது. அதனை எவரும் பெரிதுபடுத்தவில்லை. இரண்டும் ஒரே உயிரினுடையவை ஆகா என்று 1913 இலேயே டேவிட் வாட்டர்ஸ்டன் என்னும் உடற்கூற்றியலறிஞர் எழுதினார். அவர் குரல் எடுபடவில்லை. 1914 இல், கிரிக்கெட் மட்டையைப் போலச் செதுக்கப்பட்ட யானை எலும்பொன்றும் அதே இடத்திலிருந்து கிடைத்தது. அப்போதும் ஐயம் பெரிதாக எழவில்லை.

மற்றைய மண்டையோடு தென்னாபிரிக்காவிலே கிடைத்தது. 1924 ஆம் ஆண்டில், தாவுங் என்னும் இடத்துச் சுண்ணாம்புக்கல் அகழிடத்திலிருந்து சில கற்கள் ஜொஹனஸ்பேர்க் நகரின் பேராசிரியர் றேமண்ட் டார்ட்டிடம் வந்தன. தம் மனைவியின் பின்னல் ஊசிகளைக் கூராக்கி, வாரக்கணக்காகக் கல்லைச் சுரண்டிய அவருக்கு, பால்பற்கள் கொண்ட ஒரு குழந்தையின் முகம் வெளிப்பட்டது. மூளை சிறியது, குரங்கின் அளவினது. ஆனால் முண்ணாண் வெளியேறும் துவாரம் மண்டையின் பின்புறத்தில் இல்லாமல் அடிப்பகுதியில் முன்தள்ளி அமைந்திருந்தது. நிமிர்ந்த உடலின்மேல் தலை தாங்கப்பட்டிருந்ததற்கு அஃது அடையாளம். மூளை பெருக்கு முன்னரே நிமிர்ந்து நடந்த உயிரொன்று ஆபிரிக்காவில் வாழ்ந்தது என்று டார்ட் முடிவு செய்தார். 1925 பெப்ரவரி 7 ஆம் திகதி வெளிவந்த ‘நேச்சர்’ சஞ்சிகையில் அதனை எழுதியபோது அவருக்கு வயது 32.

இலண்டன் அறிஞர் அதனை ஏற்றிலர். குரங்குக் குட்டிகளின் முகமும் இளமையில் மனிதச் சாயல் கொண்டதே என்றனர். உடற்கூற்றியலில் பெரும் புகழ் பெற்ற ஆதர் கீத், இது குரங்கினமே என்றார். பில்ட்டவுன் மண்டையோடு சான்றாக இருக்கும்வரை, சிறு மூளையும் நிமிர்ந்த நடையும் கொண்ட மூதாதைக்கு இடமில்லை. இவ்வாறு, பொய்யான எலும்பு அரியணையில் வீற்றிருக்க, மெய்யான எலும்பு வாயிலிலே காத்துநின்றது.

நிலைமையை மாற்றியது சொற்போர் அன்று. மேலும் கிடைத்த எலும்புகளே. றொபேட் புறூம் என்னும் அறிஞர் தென்னாபிரிக்கக் குகைகளில் தேடி, வளர்ந்த உயிர்களின் சுவடுகளையும் கண்டெடுத்தார். 1947 இல் ஸ்டேர்க்பொன்ரெயின் என்னுமிடத்தில் முழுமையான மண்டையோடொன்று கிடைத்தது. அவ்வாண்டிலேயே முதிய வயதினரான கீத், டார்ட் கூறியதே சரி, தாம் கூறியது பிழை என்று வெளிப்படையாக எழுதினார். அறிஞருக்கு அழகு செய்யும் செயல் அது.

பில்ட்டவுனின் வழக்கை முடித்துவைத்தது இரசாயனம். மண்ணிலே புதைந்த எலும்பு நிலத்தடி நீரிலுள்ள புளோரினை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஒரே இடத்தில் ஒரே காலம் கிடந்த எலும்புகளில் அதன் அளவு ஒத்திருக்கும். கெனத் ஓக்லி இச்சோதனையைச் செய்தார். 1953 நவம்பரிலே அவரும் ஜோசப் வீனரும் லெ குறோ கிளாக்கும் உண்மையை வெளியிட்டனர். தாடை பழமையானதன்று. பற்கள் அரத்தால் அராவப்பட்டவை; எலும்புகள் சாயம் ஏற்றப்பட்டவை. தாடை ஒராங்குட்டான் குரங்கினுடையது எனப் பின்னர் உறுதியாயிற்று. டோசன் 1916 இலேயே இறந்துவிட்டார். அவரே இம்மோசடியைச் செய்தவராதல் வேண்டும் என்று 2016 இல் வெளிவந்த ஆய்வு கண்டது.

எலும்பை ஆராய்ந்தோர் மீண்டும் ஒருமுறை திருத்தம் பெற்றனர். இந்தியாவின் சிவாலிக் குன்றுகளில் 1932 இல் கிடைத்த, இராமபிதேகஸ் எனப் பெயரிடப்பட்ட தாடையை, ஒரு கோடியே நாற்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனித மூதாதையினுடையது என்று 1960 களில் பலர் கூறினர். 1967 இல் கலிபோர்ணியாவைச் சேர்ந்த வின்சென்ற் சாறிச்சும் அலன் வில்சனும் குருதிப் புரதங்களை ஒப்பிட்டு, மனித மரபும் சிம்பன்சி மரபும் பிரிந்து ஐம்பது இலட்சம் ஆண்டுகளே ஆயின என்றனர். எலும்பறிஞர் பலர் சினந்தனர். 1980 களின் தொடக்கத்தில், பாகிஸ்தானில் கிடைத்த நெருங்கிய இனமொன்றின் முகம் ஒராங்குட்டானை ஒத்திருந்தது. இராமபிதேகஸ் மனித வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. அவ்விருவர் கணித்த காலம் பின்னர்ச் சற்றுக் கூட்டப்பட்டதாயினும், அவர்கள் காட்டிய வழி நிலைத்தது.

அவ்வழியே டீ.என்.ஏ. ஆய்வு வளர்ந்தது. பெருங்குரங்குகளுக்கு நிறமூர்த்தங்கள் 24 சோடி, மனிதனுக்கு 23. குறைந்த ஒன்று எங்கே போயிற்று? மனிதனின் இரண்டாவது நிறமூர்த்தத்தின் நடுவே, இரண்டு நிறமூர்த்தங்கள் முனையோடு முனை ஒட்டிய தழும்பு 1991 இல் கண்டறியப்பட்டது. 2005 இல் சிம்பன்சியின் டீ.என்.ஏ. வாசிக்கப்பட்டபோது, இரண்டையும் பொருத்திப் பார்க்கத்தக்க பகுதிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 99 எழுத்துகள் மனிதனுடையவற்றை ஒத்திருந்தன. எலும்பு கூறிய உறவை உயிரணுவும் கூறிற்று.

பில்ட்டவுன் மோசடியை எடுத்துக்காட்டிக் கூர்ப்புக் கொள்கையே பொய் என்று வாதிப்போர் உளர். ஆனால் அம்மோசடியை வெளிப்படுத்தியோர் அக்கொள்கையை ஏற்ற விஞ்ஞானிகளே. பொய் எலும்பு அகன்றபின் கொள்கை தளரவில்லை; அதனோடு பொருந்தாது நின்றது ஒன்று ஒழிந்தது. அறிஞர் நாற்பது ஆண்டுகள் ஏமாந்தது உண்மை. பெரியோர் சொல்லினும் பொருளின் சோதனையே பெரிது எனக் கொண்டமையால் அவ்வேமாற்றம் முடிவுற்றதும் உண்மை. தாவுங் குழந்தையை உலகம் ஏற்பதை டார்ட் தம் கண்ணாலேயே கண்டார். 1988 இல் அவர் மறைந்தபோது அவருக்கு வயது 95.