நண்டின் வயிற்றில் ஒரு தாளம்

பாயான் லெப்பாஸ் என்றதும் 1972 முதல் அங்கே எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகள் நம் நினைவுக்கு வரும். தோட்டத்து இளம்பெண்களும் வேலைக்குச் சென்ற இடம். அதே கரையோரத்தில் மீனவக் கம்பங்களும் உண்டு. அங்கிருந்து சந்தைக்கு வரும் நண்டுக்குள்ளும் மின்சாரம் ஓடுகிறது. அதன் கதையை இன்று காண்போம்.

உப்பு நீரில் கரையும்போது மின்னேற்றமுள்ள நுண்துகள்களாகப் பிரிகிறது. இவற்றை அயனிகள் என்பார்கள். நரம்புச் செல்லின் சவ்வில் உள்ள நுண்வாயில்கள் திறந்து மூடும்போது இவை உள்ளும் புறமும் பாய்கின்றன. நரம்பின் மின்சாரம் இதுதான்.

1930-களில் கேம்பிரிட்ஜில் ஆலன் ஹாட்ஜ்கின் என்ற இளைஞர் கரைநண்டின் காலிலிருந்து ஒற்றை நரம்பிழையைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். பின்னர் கணவாயின் தடித்த நரம்பைக் கொண்டு, சோடியம் உள்ளே பாய்வதையும் பொட்டாசியம் வெளியேறுவதையும் ஹக்ஸ்லியுடன் சேர்ந்து 1952-இல் கணக்கிட்டுக் காட்டினார். 1963-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நண்டு கழுவும்போது கண்களுக்குப் பின்னாலுள்ள பையைப் பிய்த்து எறிகிறோம் அல்லவா? அதுதான் அதன் இரைப்பை. உள்ளே பற்கள் உண்டு. தீனியை நண்டு அங்கேயும் அரைக்கிறது. அதை ஆட்டுவிக்கும் நரம்பு முடிச்சில் இருப்பவை ஏறக்குறைய 30 செல்களே. இணைந்த நரம்புகளோடு அதை எடுத்து உப்புநீர்க் கிண்ணத்தில் வைத்தாலும் தாளம் தொடரும்!

அமெரிக்காவில் ஈவ் மார்டர் என்ற அம்மையார் இந்த முடிச்சைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். எல்லா நண்டுகளின் தாளமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே அயனி வாயில்களின் அளவும் ஒன்றாகவே இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2006-இல் அவருடைய குழு அளந்தபோது, ஒரே வகைச் செல்லில் அந்த அளவு நண்டுக்கு நண்டு 2 முதல் 4 மடங்கு வரை வேறுபட்டது. லயத்தில் பத்து வீட்டில் பத்துப் பக்குவத்தில் கொதித்தும் ரசம் ரசமாகவே இருப்பதைப் போல.

இதற்கு முன்பே, 2002-இல், கணினி மாதிரிகளில் இன்னொன்றும் தெரிந்திருந்தது. சரியாகத் துடித்த பல மாதிரிகளின் அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்துப் புதிதாக ஒன்றை அமைத்தார்கள். அது அவற்றைப் போலத் துடிக்கவில்லை! சராசரியை நம்பியே பழகிய நமக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான்.

இந்த வேறுபாடு நண்டுக்கு நன்மையா, தீமையா? நீரைச் சூடாக்கிப் பார்த்தார்கள். ஓரளவு வரை எல்லா முடிச்சுகளின் தாளமும் வேகம் கூடியதே தவிர, ஒழுங்கு குலையவில்லை. சூடு எல்லை மீறியபோது ஒவ்வொரு நண்டின் தாளமும் ஒவ்வொரு விதமாகக் குலைந்தது.