கட்டாயப்படுத்த முடியாத வழிபாடு: பேராயர் லெஸ்லி பிரௌனும் தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையும்

சிக்கந்தராபாத்திலிருந்து காசிப்பேட்டைக்குப் போகும் இருப்புப்பாதையில், மலைமேல் தர்காவோடு நிற்கும் மௌலா அலி, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் மேதக் திருமண்டல எல்லைக்குள் வருகிறது. இந்த வட்டாரத்தின் சீர்திருத்தக் கிறிஸ்தவம் இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தது. ஒன்று வெஸ்லியன் மெதடிஸ்டு மிஷன். சார்லஸ் வாக்கர் பாஸ்நெட் எழுப்பி, 1924 கிறிஸ்துமஸ் நாளில் பிரதிஷ்டை செய்யப்பட்ட மேதக் பேராலயம் அதன் அடையாளம். மற்றொன்று ஆங்கிலிக்கன் மரபு. சிக்கந்தராபாத்தின் புனித யோவான் ஆலயமும் பொலாரம் திரித்துவ ஆலயமும் ஆங்கிலேயப் படைமுகாம்களைச் சார்ந்து எழுந்தவை. அதே இருப்புப்பாதையில் காசிப்பேட்டையைத் தாண்டித் தெற்கே போனால் தோர்ணக்கல். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, தோர்ணக்கலிலிருந்துதான் பணி செய்தார்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் இந்த மரபுகள் தென்னிந்தியத் திருச்சபை என்ற ஒரே திருச்சபையாயின. ஆங்கிலிக்கன்கள், மெதடிஸ்டுகள், பிரெஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல் சபையாரும் 1908இல் சேர்ந்து அமைத்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோர் அதில் இணைந்தனர். 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய இணைப்புப் பேச்சு முடிய 28 ஆண்டுகள் பிடித்தன. அசரியா அதைப் பார்க்காமலே 1945 ஜனவரி முதல் நாளில் காலமானார். மேதக்கின் முதல் பேராயராக மெதடிஸ்டான பிராங்க் விட்டேக்கர் பொறுப்பேற்றார்.

ஆட்சியமைப்பு ஒன்றானது; ஆராதனை ஒன்றாகவில்லை. ஆங்கிலிக்கனுக்குப் பொது ஜெபப் புத்தகத்தின் 17ஆம் நூற்றாண்டு நடை. மெதடிஸ்டு சபைகளில் வெஸ்லி சுருக்கித் தந்த அதே புத்தகத்தின் சாயல். காங்கிரிகேஷனல் சபையாருக்கோ எழுதிவைத்து வாசிக்கும் ஜெபமே உவப்பானதல்ல. இணைப்பின் சாசனம் ஒரு வாக்குறுதியும் தந்திருந்தது: எந்தச் சபையையும் அதன் வழக்கமான ஆராதனை முறையை விடும்படி கட்டாயப்படுத்துவதில்லை. இந்த வாக்குறுதியைப் பலர் வெறும் சமரசம் என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள். புதிய வழிபாட்டுக்கு வலுச் சேர்த்ததே அதுதான் என்பது என் கருத்து. ஆணையிட்டுத் திணிக்க முடியாத முறை, தன் தகுதியால் மட்டுமே சபைகளுக்குள் நுழைய முடியும்.

1948இல் கூடிய முதல் சினாடு, அதாவது திருச்சபையின் ஆட்சிப் பேரவை, ஒரு வழிபாட்டுக் குழுவை அமைத்தது. அதை வழிநடத்தியவர் லெஸ்லி வில்பிரட் பிரௌன். 1912இல் இங்கிலாந்தில் பிறந்து, லண்டன் இறையியல் கல்லூரியில் படித்து, 1935இல் குருப்பட்டம் பெற்றவர். 1938இல் சர்ச் மிஷனரி சங்கத்தின் வழியாகத் திருவிதாங்கூருக்கு வந்து, மலையாளம் கற்று, கோட்டயத்தில் கற்பித்தார். பிறகு திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் கேரள ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வரானார். சபைகள் இணைவதற்கு முன்பே வெவ்வேறு மரபினர் ஒன்றாகப் படித்த இடம் அது. வெவ்வேறு பழக்கமுள்ள மாணவர்களை நாள்தோறும் ஒரே ஆலயத்தில் கூட்டிச்சேர்க்க வேண்டிய முதல்வருக்கு, வழிபாட்டுச் சிக்கல் ஏட்டுச் சிக்கலாக இருந்திருக்க முடியாது.

அதைவிட முக்கியமானது அவருடைய அக்கம்பக்கம். மத்தியத் திருவிதாங்கூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுரியானிக் கிறிஸ்தவர்கள். யாக்கோபுச் சபையாரின் பழைய திருப்பலி முறையும், 19ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் மல்பான் தொடங்கிய சீர்திருத்தத்தின் வழிவந்த மார்த்தோமா சபையின் முறையும் அங்கே உயிரோடு இருந்தன. பிரௌன் அவற்றை ஆழ்ந்து ஆராய்ந்தார். தோமா கிறிஸ்தவர்கள் என்றும் அழைக்கப்படும் இவர்களைப் பற்றி 1956இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட அவருடைய நூல், அத்துறையில் இன்றும் தவிர்க்க முடியாதது.

குழுவின் திருவிருந்து முறை 1950 ஜனவரியில், சென்னையில் கூடிய சினாட்டில் முதன்முதலாக நடத்தப்பட்டது. பிரதம பேராயர் மைக்கேல் ஹாலிஸ் திருவிருந்து மேசைக்குப் பின்னால், சபையாரைப் பார்த்தபடி நின்றார். ரோமன் கத்தோலிக்க உலகில் அந்த வழக்கம் பரவியது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான்.

முறைக்கு மூன்று பகுதிகள்: ஆயத்தம், தேவவசன ஊழியம், அப்பம் பிட்குதல். பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் என மூன்று பாடங்கள். அப்பமும் திராட்சரசமும் காணிக்கைப் பணமும் சபையாரின் நடுவிலிருந்து ஒன்றாகவே முன்னே கொண்டுவரப்பட்டன. நன்றியேறெடுப்பின் நடுவே கிறிஸ்துவின் மரணத்தையும் உயிர்ப்பையும் மறுவருகையையும் சபையார் தங்கள் வாயாலேயே அறிக்கையிட்டார்கள். அது சுரியானி முறையிலிருந்து வந்தது. நல்ல பிரதான ஆசாரியராகிய இயேசு நடுவில் வந்து நிற்கும்படி கேட்கும் ஜெபம், ஸ்பெயினின் பழைய மொசராபிக் வழிபாட்டிலிருந்து எடுக்கப்பட்டது.

இவற்றில் தனித்துப் பேசவேண்டியது சமாதானம் பகிர்தல். ஆயர் தம்மோடு ஊழியம் செய்வோருக்குக் கொடுக்க, அவர்கள் சபைக்குள் இறங்கிவந்து வரிசை வரிசையாகக் கொடுப்பார்கள். கொடுப்பவரின் வலது உள்ளங்கை பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேரும்; இருவரின் இடக்கைகளும் மேலே மூடிக்கொள்ளும். மேற்கத்தியச் சீர்திருத்த சபைகளில் இந்தச் செயல் அநேகமாக மறைந்தே போயிருந்தது. கேரளத்துச் சுரியானிகளிடம் அது அறுபடாமல் இருந்தது. கோட்டயத்தில் பணி செய்யாத ஒரு மிஷனரி, லண்டன் நூலகத்தில் அமர்ந்து இதை எழுதியிருந்தால் அது வரலாற்றுக் குறிப்பாகவே நின்றிருக்கும். சாதி பார்த்துத் தனித்தனியே அமர்ந்த சபைகளும் தென்னிந்தியாவில் உண்டு. அங்கே அடுத்தவர் கையைத் தொடுவது சின்ன விஷயமில்லை.

முறையின் எலும்புக்கூட்டை அமைத்ததில் கிரெகரி டிக்ஸ் என்ற ஆங்கிலிக்கன் துறவியின் தாக்கம் உண்டு. அவருடைய புகழ்பெற்ற வழிபாட்டு ஆய்வு 1945இல் வெளியானது. அதே டிக்ஸ் தென்னிந்திய இணைப்பைக் கடுமையாக எதிர்த்தவர் என்பது வேடிக்கை. கவிஞர் டி. எஸ். எலியட்டும் 1943இல் இத்திட்டத்தைத் தாக்கி ஒரு சிறுநூல் எழுதினார். இந்தியாவிலும் எதிர்ப்பு இல்லாமலில்லை. தெலுங்கு நாட்டின் நந்தியாலில் ஆங்கிலிக்கன் சபையாரில் ஒரு பெரும்பகுதி இணைய மறுத்துத் தனியே நின்றது. இணைந்தவர்களை, உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாடு 1948இல் முழு உறவுக்குள் ஏற்கவில்லை. 1955இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவைகள் தென்னிந்தியத் திருச்சபைப் பேராயர்களின் பட்டம் செல்லும் என்று ஒப்புக்கொண்டன, அதுவும் வரம்புகளோடு. உறவு கொள்ளத் தயங்கிய அதே ஆங்கிலிக்கன் உலகின் அறிஞர்கள் இந்தத் திருவிருந்து முறையை ஆவலோடு படித்துக்கொண்டிருந்தார்கள். அதை விளக்கி 1958இல் நூல் எழுதிய டி. எஸ். காரெட் அயர்லாந்துக்காரர், குழுவில் உழைத்தவர், 1970களில் திருநெல்வேலிப் பேராயராகவும் இருந்தார்.

1954இல் முறை திருத்தப்பட்டது. 1963இல் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில் இடம்பெற்றது. அப்போது பிரௌன் இந்தியாவில் இல்லை. 1953இல் அவர் உகாண்டாவின் பேராயராக அபிஷேகம் பெற்றிருந்தார். அவர் போய்ச் சேர்ந்த அதே ஆண்டு நவம்பர் இறுதியில், ஆங்கிலேய ஆளுநர் ஆண்ட்ரூ கோஹன், உகாண்டாவுக்குள் இருந்த புகாண்டா அரசின் மன்னர் இரண்டாம் முட்டேசாவை நாடுகடத்தினார். பேராயரும் உடந்தை என்று மக்கள் சந்தேகித்தார்கள். மறு ஆண்டு நமிரெம்பேயில் நடந்த அரசியலமைப்புப் பேச்சில் பிரௌனுக்கும் பங்கிருந்தது. 1955இல் அரசர் திரும்பினார். 1961இல் உகாண்டா, ருவாண்டா, புருண்டி மாகாணத்தின் முதல் தலைமைப் பேராயரானார் பிரௌன். பின்னர் பதவியைத் துறந்து எரிக்கா சபித்தி என்ற ஆப்பிரிக்கருக்கு வழிவிட்டார்.

ஆப்பிரிக்க ஆங்கிலிக்கன் மாகாணங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு திருவிருந்து முறையை வரையும் பொறுப்பும் அவருக்கே வந்தது. 1964இல் அது வெளியாயிற்று. பிற்காலத் திருத்தக் குழுக்கள் அதன் கட்டமைப்பைக் கவனித்தன; ஆனால் ஆப்பிரிக்காவில் அது பரவலாக வேரூன்றவில்லை. அறிவும் அனுபவமும் அவருக்கு முன்பைவிடக் கூடியிருந்தும் இது ஏன்? ஆப்பிரிக்க முறை பல மாகாணங்களின் இறையியல் கெடுபிடிகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் வரையப்பட்ட பொதுவரைவு. கேரளத்தில் அவர் பக்கத்து ஆலயத்துக்குப் போனாலே நூற்றாண்டுகளாகச் சபையார் வாயில் புழங்கிய ஜெபங்களைக் கேட்க முடிந்தது. ஆப்பிரிக்காவின் ஆங்கிலிக்கன்களுக்கு அருகே அப்படியொரு கிறிஸ்தவ வழிபாட்டு மரபு, எத்தியோப்பியாவையும் எகிப்தையும் விட்டால், இல்லை. தென்னிந்திய முறையின் புகழைப் பிரௌனின் புலமைக் கணக்கில் மட்டும் எழுதுவது ஆகவே நியாயமல்ல. பெரும்பங்கு சுரியானிச் சபையாருக்குச் சேரவேண்டியது.

1966 முதல் 1978 வரை இங்கிலாந்தின் சபோக் பகுதியில், செயின்ட் எட்மண்ட்ஸ்பரி-இப்ஸ்விச் பேராயராகப் பணிபுரிந்தார். அந்த ஆண்டுகளில்தான் இங்கிலாந்துத் திருச்சபை தன் ஜெபப் புத்தகத்துக்கு மாற்று முறைகளைச் சோதித்தது. 1973இல் வந்த மூன்றாம் வரிசை முறையில் சமாதானம் பகிர்தல் இடம்பெற்றபோது, ஆலய இருக்கையில் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடிப்பதைப் பல ஆங்கிலேயர் புதுமோகம் என்று முகம் சுளித்தார்கள். திருவிதாங்கூரில் அதை அன்றாட வழக்கமாகக் கண்ட பேராயர் பிரௌன் 1999 டிசம்பர் 27 அன்று காலமானார். அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே, 1988 லாம்பெத் மாநாட்டில், தென்னிந்தியத் திருச்சபைப் பேராயர்கள் முழு உறுப்பினர்களாக அமர்ந்துவிட்டார்கள்.